அட்வைஸ் பண்ணாமல் இருக்க ஒரு மாஸ்டர்ஸ் டிகிரி!

சின்ன அறை. இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. கூரை மூலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கேமரா. ஒரு நாற்காலியில் கவுன்சலர் ஆகப்போகிற மாணவி. எதிரே அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு மாணவர். இன்றைக்கு அவர்தான் 'கிளையன்ட்'.

"அம்மா இறந்து ஆறு மாசம் ஆச்சு. லீவுக்கு வீட்டுக்குப் போகணும்னு நினைச்சாலே கால் பின்வாங்குது" என்கிறார் அவர்.

மாணவி சட்டென்று முன்னால் சாய்கிறார். "கவலைப்படாதீங்க, காலம் எல்லாத்தையும் ஆத்திடும். அப்பாவை நினைச்சுப் பாருங்க. அவருக்கு இப்ப நீங்கதானே ஆறுதல்?"

மறுநாள் வகுப்பில் அந்த வீடியோ ஓடுகிறது. பேராசிரியர் சரியாக அந்த இடத்தில் நிறுத்துகிறார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"இதை யாருக்காகச் சொன்னீங்க? அவருக்காகவா... இல்லை, அவர் அழுதுடுவாரோங்கிற பயத்துல உங்களுக்காகவா?"

மாணவியிடம் பதில் இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங்' என்ற முதுகலைப் படிப்பில், முதல் வருடத்தில் இப்படிப்பட்ட காட்சிகள் சகஜம். "எனக்கு நல்லாப் பேச வரும், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பிரச்னைன்னா என்கிட்டதான் வருவாங்க" என்று சொல்லிச் சேருகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பேச்சை நிறுத்த வைப்பதில்தான் படிப்பே தொடங்குகிறது. இந்த வாரம் பார்க்கப்போவது அந்தப் படிப்பைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ் போல மருத்துவம் படித்து, பிறகு மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார். சைக்காலஜிஸ்ட் என்பவர் அமெரிக்காவில் பெரும்பாலும் டாக்டரேட் முடித்தவர். மூன்றாமவர்தான் இந்த மென்டல் ஹெல்த் கவுன்சலர். முதுகலைப் பட்டம், அதன்மேல் மாநில அரசின் லைசென்ஸ். மாத்திரை எழுத முடியாது. ஆனால் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம், துக்கம், குடும்பச் சண்டை என்று வருகிறவர்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசி, அவர்களை நிமிர வைக்கும் வேலை இவருடையது. நோய் என்னவென்று பெயர் சொல்லும் உரிமையும் பெரும்பாலான மாநிலங்களில் இவருக்கு உண்டு.

படிப்புக்கு 60 கிரெடிட். முழுநேரமாகப் படித்தால் இரண்டிலிருந்து மூன்று வருடம். இந்தத் துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் பெயர் 'காக்ரெப்'. 1981-ல் தொடங்கப்பட்டது. அங்கே சேர விரும்புகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் படிப்புக்குக் காக்ரெப் அங்கீகாரம் உண்டா என்பதைத்தான். பல்கலைக்கழகத்தின் பேர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது அப்புறம்தான். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்துவிட்டு, லைசென்ஸ் கேட்கும்போது "இந்தப் பாடம் குறைகிறது, அந்த மணிநேரம் குறைகிறது" என்று அலைய வேண்டிவரும்.

பாடப் பட்டியல் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். மனித வளர்ச்சி, குழு ஆலோசனை, சோதனைகள், ஆராய்ச்சி முறை, தொழில் அறம், வெவ்வேறு சமூகங்களின் பண்பாடு... இவற்றையெல்லாம் புத்தகம் வைத்துப் படித்துப் பாஸ் பண்ணிவிடலாம். கஷ்டம் அந்தக் கேமரா இருக்கிற அறையில்தான்.

தட்டில் பதிந்த குரல்

அந்தக் கேமராவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களின் தொடக்கம் வரை, கவுன்சலிங் அறைக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. சிகிச்சை தருபவர் வெளியே வந்து, நினைவிலிருந்து எழுதுவதுதான் பதிவு. தான் சொதப்பியதை யார் எழுதுவார்? ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியல் பேராசிரியர், உரையாடல்களை கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்ய ஆரம்பித்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டும். அப்படிப் பதிவான ஒருவரின் சிகிச்சை முழுவதையும், சொல்லுக்குச் சொல், 1942-ல் தன் புத்தகத்தில் அச்சிட்டார்.

பதிவைக் கேட்டபோது ரோஜர்ஸுக்கும் அவரது மாணவர்களுக்கும் புலப்பட்ட விஷயம் சங்கடமானது. கவுன்சலர்கள் அளவுக்கு அதிகமாகப் பேசினார்கள். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் வழி சொன்னார்கள். 'அதிகம் கேள், அவர் சொன்னதை அவருக்கே புரியும்படி திருப்பிச் சொல்' என்று ரோஜர்ஸ் வகுத்த வழி, இன்றைக்கும் இந்தப் படிப்பின் அஸ்திவாரம்.

அறுபதுகளில் கொலராடோவில் ஆலன் ஐவி என்பவர் இன்னொன்று செய்தார். நல்ல கவுன்சலர் என்று மொத்தமாகச் சொன்னால் மாணவருக்கு என்ன புரியும்? அதைச் சின்னச் சின்னத் திறமைகளாக உடைத்தார். எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது, எப்படிக் கேட்பது, எங்கே சும்மா இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பயிற்சி. சங்கீதத்தில் சரளி வரிசை போல. ஒன்றைச் சரியாகச் செய்யும் வரை அடுத்ததற்குப் போகக் கூடாது.

இதில் பண்பாட்டுச் சிக்கலும் வரும். 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்பது அமெரிக்கர்களுக்கு மரியாதை. பெரியவர் முன்னால் தலையைத் தாழ்த்திக்கொள்வது நமக்கு மரியாதை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைத் தவிர்த்தால், பொய் சொல்கிறார் என்று எழுதிவிடக் கூடாது. ஐவியே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

அப்புறம் 'ஏன்'. இந்தச் சொல்லை முடிந்தவரை விட்டுவிடச் சொல்கிறார்கள். தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். "ஏன் லேட்டு?", "ஏன் மார்க் குறைஞ்சுது?", "ஏன் அவன்கிட்ட பேசினே?" இதில் எது கேள்வி? எல்லாமே குற்றச்சாட்டு. கேட்டதும் ஆள் சுருங்கிவிடுவார். அதே விஷயத்தை "அன்னிக்கு என்ன நடந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டால் பேச்சு நீளும். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான். ஆனால் நாக்குக்கு அது பழக ஒரு செமஸ்டர் ஆகிறது.

மௌனம் இன்னும் கஷ்டம். கிளையன்ட் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார். ஐந்து விநாடி. பத்து விநாடி. மாணவருக்குக் கை வியர்க்கிறது, எதையாவது சொல்லி அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறார். வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போது தெரிகிறது, கிளையன்டின் உதடு எதையோ சொல்லத் திறந்திருந்தது. இன்னும் மூன்று விநாடி பொறுத்திருந்தால் அது வந்திருக்கும்.

இதில் தப்பிக்கவே முடியாத ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பதிவான உரையாடலை வார்த்தைக்கு வார்த்தை டைப் செய்ய வேண்டும். 'ம்', 'அப்படியா' உட்பட. பிறகு தன்னுடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இது என்ன வகை, இதை ஏன் சொன்னேன், இதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுத வேண்டும். தன் குரலைத் தானே கேட்பது யாருக்குமே பிடிக்காது. தன் அவசரத்தைத் தானே படிப்பது அதைவிடக் கொடுமை.

நேராகக் கேள்

மென்மையாகப் பேசுவது மட்டும்தான் இந்தப் படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் நேராகக் கேட்கவும் பழக்குகிறார்கள். "சில சமயம் எதுவுமே வேண்டாம்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால், சுற்றி வளைக்காமல், "தற்கொலை செய்துக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். வகுப்பில் முதல்முறை இதைச் சொல்லும்போது பல மாணவர்களுக்குக் குரல் கம்மிவிடும். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதைத்தான் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கேட்டதும் பலருக்குப் பெருமூச்சுதான் வருகிறது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

கேட்டுவிட்டு அப்படியே அனுப்பிவிட முடியாது. ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கணிக்க வேண்டும். மோசமான நேரம் வருவதற்கான அறிகுறிகள் என்ன, அப்போது யாருக்கு போன் செய்வார், வீட்டில் ஆபத்தான பொருள்களை யார் எடுத்து வைப்பார் என்பதையெல்லாம் கிளையன்டோடு சேர்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும். இது வகுப்பில் ஒத்திகை பார்க்கப்படும். தீயணைப்புப் பயிற்சி மாதிரி.

ரகசியம் காப்பது பற்றி ஒரு முழுப் பாடமே உண்டு. கல்லூரியில் படிக்கும் பெண்ணின் அம்மா போன் செய்து, "என் பொண்ணு உங்ககிட்ட வர்றாளாமே, என்ன சொல்றா?" என்று கேட்டால் கவுன்சலர் என்ன செய்வார்? அந்தப் பெண்ணுக்கு 18 வயது ஆகிவிட்டதென்றால், அவள் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல், 'ஆமாம், வருகிறாள்' என்றுகூடச் சொல்ல மாட்டார். பெற்ற மனசுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனால் அந்தக் கதவு இறுக்கமாக மூடும் என்று தெரிந்ததால்தான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

கதவு திறக்க வேண்டிய தருணமும் உண்டு. அந்த விதியை எழுத வைத்தது, ஓர் இந்திய மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கு.

பிரசன்ஜித் போதார் வங்காளத்திலிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றவர். தாத்தியானா தாரசாஃப் என்ற இளம்பெண்ணின் மேல் அவருக்கு ஒருதலைக் காதல். மனம் உடைந்து, பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் உளவியலாளரிடம் சிகிச்சைக்குப் போனார். 1969-ல் ஒருநாள், அந்தப் பெண்ணைக் கொல்லப்போவதாக அவரிடமே சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். தாத்தியானாவுக்கோ அவரது பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடம் அக்டோபரில் அவள் கொலை செய்யப்பட்டாள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், கிளையன்டால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று சிகிச்சை தருபவருக்குத் தெரிந்தால், அந்த இன்னொருவரைக் காப்பாற்றத் தகுந்த நடவடிக்கை எடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்றைக்கு அந்த நாட்டில் கவுன்சலிங் படிக்கும் எவரும் 'தாரசாஃப் வழக்கு' தெரியாமல் பட்டம் வாங்க முடியாது. முதல் சந்திப்பிலேயே கிளையன்டிடம், எந்தெந்தச் சூழ்நிலையில் ரகசியம் காக்க முடியாது என்பதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் இதனால்தான்.

சொந்தக்காரர்கள் விஷயத்திலும் கண்டிப்பு. நெருங்கிய உறவு, நண்பர், கூட வேலை பார்ப்பவர்... இவர்களுக்குக் கவுன்சலிங் தரக் கூடாது. 'அத்தை பொண்ணு கவுன்சலர், அவகிட்டயே கேட்டுக்கலாம், காசு மிச்சம்' என்பது நடக்காது. டாலஸிலோ நியூஜெர்சியிலோ தமிழ்க் கவுன்சலர் ஒருவர் இருந்தால் அவருக்கு இதில் கூடுதல் தலைவலி. திங்கட்கிழமை எதிரே உட்கார்ந்து அழுதவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில் முன்னால் நிற்பார். தெரிந்த மாதிரி சிரிப்பதா, தெரியாத மாதிரி திரும்புவதா? இதையும் வகுப்பிலேயே பேசிவிடுகிறார்கள். 'வெளியே பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்' என்று கிளையன்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

மணிக்கணக்கு

பாடங்கள் ஓரளவு முடிந்ததும் வெளியே அனுப்புகிறார்கள். முதல் கட்டம் பிராக்டிகம். குறைந்தது 100 மணி நேரம். அதில் 40 மணி நேரம் உண்மையான கிளையன்டுகளோடு நேருக்கு நேர். அடுத்து இன்டர்ன்ஷிப், 600 மணி நேரம். அதில் 240 மணி நேரம் நேரடியாக. சமூக மனநல மையம், போதை மீட்பு மையம், மருத்துவமனை, கல்லூரி கவுன்சலிங் பிரிவு என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. உள்ளே நுழையும் முன்பே தொழில் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். மாணவர்தானே என்று சலுகை இல்லை.

இந்தக் காலம் முழுக்க, சராசரியாக வாரம் ஒரு மணி நேரம் மூத்த கவுன்சலர் ஒருவரிடம் போய் உட்கார வேண்டும். அது தவிர, வாரம் ஒன்றரை மணி நேரம் மற்ற மாணவர்களோடு சேர்ந்து ஆசிரியர் முன்னால். இதற்கு 'சூப்பர்விஷன்' என்று பெயர். மேற்பார்வை என்று மொழிபெயர்த்தால் ஏதோ கட்டட வேலை போல இருக்கிறது. நடப்பது அதுவல்ல.

உதாரணத்துக்கு, கணவன் அடிக்கிறான் என்று சொல்லும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மாணவி. "அவங்க உடனே அந்த வீட்டை விட்டு வெளியே வரணும், நான் அதைத்தான் அழுத்திச் சொன்னேன்" என்கிறார் படபடப்பாக. மூத்தவர் ஒலிப்பதிவைக் கேட்கிறார். "அந்தம்மா மூணு தடவை குழந்தைங்க ஸ்கூல் பத்திச் சொல்ல வந்தாங்க. மூணு தடவையும் நீங்க பேச்சை மாத்திட்டீங்க. உங்களுக்கு இந்தக் கதை எங்கேயோ பழக்கமா?" மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அக்கா" என்கிறார்.

அக்காவைக் காப்பாற்ற முடியாத கோபத்தை, யாரோ ஒரு பெண்ணின் மேல் அவசரமாகக் கொட்டிவிட்டோம் என்பது தனியாக இருந்தால் தெரிந்திருக்குமா? அந்தப் பெண்ணுக்கு அதன் விலை என்னவாக இருந்திருக்கும்? தயாராகாமல் அடிக்கிற கணவனை விட்டு வெளியேறும் நேரம், அந்தப் பெண்களுக்கு மிக ஆபத்தான நேரம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் 'உடனே வெளியே வா' என்பது, நல்லெண்ணத்தோடு சொன்னாலும், உயிரோடு விளையாடுவதுதான்.

இதனால்தான் இந்தப் படிப்பில் மார்க் மட்டும் போதாது. எல்லாப் பாடத்திலும் முதல் கிரேடு வாங்கிய மாணவரையும், தன் கோபத்தைக் கவனிக்க மறுக்கிறார், சுட்டிக்காட்டினால் ஏற்க மாட்டேன் என்கிறார் என்றால், ஆசிரியர்கள் நிறுத்தி வைக்கலாம். திருந்த அவகாசம் தருவார்கள், நீங்களும் தெரபிக்குப் போய் வாருங்கள் என்பார்கள். அப்படியும் முடியவில்லையென்றால் படிப்பிலிருந்தே அனுப்பிவிடும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. மார்க் ஷீட்டைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புதுசு. ஆனாலும் நியாயம்தான். கணக்கில் தப்பு செய்தால் பேலன்ஸ் ஷீட் இடிக்கும். இங்கே தப்பு செய்தால் யாரோ ஒருவர் இனி எவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

பட்டம் கையில் வந்ததும் போர்டு மாட்டிவிடலாமா? முடியாது. டெக்சாஸ் மாநிலத்தில் பட்டம் முடித்தவருக்கு 'எல்.பி.சி அசோசியேட்' என்றுதான் பெயர். மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதில் 1,500 மணி நேரம் கிளையன்டுகளோடு நேரடியாக. எவ்வளவு வேகமாக ஓடினாலும் 18 மாதத்துக்குள் முடிக்க முடியாது. லைசென்ஸ் பெறத் தேசிய அளவிலான தேர்வும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மணிக்கணக்கும் மாறும், பட்டத்தின் பெயரும் மாறும். டெக்சாஸில் எல்.பி.சி என்பது நியூயார்க்கில் எல்.எம்.ஹெச்.சி. கணவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தால், லைசென்ஸுக்கு மறுபடி விண்ணப்பம். இந்தத் தொல்லையைக் குறைக்க முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

இத்தனை கட்டுப்பாடும் ஒரே நாளில் வந்ததல்ல. கவுன்சலருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது வர்ஜீனியா, 1976-ல். கடைசியாக வந்தது கலிபோர்னியா, 2009-ல். நடுவில் 33 வருடங்கள்!

இங்கிருந்து போய்ப் படிக்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். மாணவர் விசாவில் படித்து முடித்தவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி பொதுவாக 12 மாதம்தான். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசம் இந்தப் படிப்புக்கு வழக்கமாகக் கிடையாது. லைசென்ஸுக்கான மணி நேரத்தை முடிக்க அதைவிட அதிக காலம் ஆகும். கடன் வாங்கிப் போகிறவர்கள் இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்று தெரிந்துகொண்டு விமானம் ஏறுவது நல்லது. கணவரோடு ஹெச்-4 விசாவில் போன பெண்கள் பலருக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வருகிறது. அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும்.

நம் ஊர் போர்டு

சரி, இங்கே எப்படி? மெயின் ரோட்டில், டியூஷன் சென்டருக்கு மேல் மாடியில், 'ஃபேமிலி கவுன்சலிங்' என்று போர்டு தொங்குகிறது. உள்ளே இருப்பவர் என்ன படித்திருக்கிறார்? எம்.எஸ்சி சைக்காலஜி முடித்து மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்தவராக இருக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ-வில் மனநலப் பிரிவு எடுத்து, தொண்டு நிறுவனத்தில் மூத்தவர்களிடம் பழகியவராக இருக்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஜூம் வகுப்பில் சர்டிஃபிகேட் வாங்கியவராகவும் இருக்கலாம். போர்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இந்தியாவில் தெளிவான வேலி போடப்பட்டிருப்பது 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்கு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று வரையறுக்கிறது. ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும், மேற்பார்வையில் மருத்துவப் பயிற்சி வேண்டும். இத்தனை காலம் அது முழுநேரமாக இரண்டு வருட எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில் என்ற பட்டத்தையே எடுத்துவிட்டதால், அதன் இடத்துக்கு வேறு படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கும் முன், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் ஆர்.சி.ஐ அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கல்லூரி வாசலில் இருக்கும் ஃப்ளெக்ஸை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

கவுன்சலர்களையும் மற்ற உளவியலாளர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. முழுமையாக நடைமுறைக்கு வரும் வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இதையொட்டியே, சைக்காலஜியைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி 2025-ல் உத்தரவு போட்டது. குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டிலிருந்தே எம்.எஸ்சி சைக்காலஜி படித்துவிடலாம் என்று திட்டம் வைத்திருந்த பெண்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அவர்களுக்கென்று மாலை நேர, வார இறுதி நேரடி வகுப்புகள் வந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கேமரா அறையை நினைத்துப் பார்த்தால் உத்தரவின் காரணம் புரியும். தன் எதிரே ஒரு மனிதர் அழும்போது சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதைத் தபாலில் அனுப்ப முடியுமா?

கவுன்சலரிடம் போகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. என்ன படித்தீர்கள், எங்கே? யாருக்குக் கீழே, எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்? இப்போதும் உங்கள் கேஸ்களைப் பற்றி யாரிடமாவது ஆலோசிக்கிறீர்களா? நான் சொல்வதை எப்போது வெளியே சொல்வீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ பதிவு எண் என்ன? அந்த எண்ணை ஆர்.சி.ஐ இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

போகவே தயக்கம், யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம். 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரை இதைவிடக் கஷ்டமான கேள்விகள் கேட்டுத்தான் வளர்த்திருப்பார்கள். "நம்பிக்கை இல்லைன்னா எதுக்கு வந்தீங்க?" என்று முகம் மாறுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும்.